தீபா கத்திய ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்டின் டவுனில் நல்ல வெயில். தெருவில் எல்லாரும் நிழல் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, காலில் உல்லன் சாக்ஸோடு ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஷாந்தி. அவளும் அதே கோலம்தான் — கூடுதலாக ஒரு மங்கி குல்லா.

ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேடம், ஜொரமா? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லப்பா, மாலுக்கு" என்றேன்.

அதன்பிறகு அவர் வழி முழுக்கக் கண்ணாடியில் எங்களை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார். ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போகிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பெங்களூரில், நவம்பர் வெயிலில்... எனக்கே அதுவரை நம்பிக்கை வரவில்லை.

ஷாந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். கணவர் ஏழுமலை லாரி ஓட்டுகிறார். பாதி நாள் ரோட்டில்தான் அவருக்குக் குடித்தனம். ஒரே மகள் தீபா. காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம்.

தீபாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு எழுத்து போதும். "ம்."

சாப்பிட்டியா? ம். காலேஜ் எப்படி? ம். மழை வருமா? ம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். மரியாதை தெரிந்த பெண், சிரித்த முகம், தெருவில் எதிரே வந்தால் கையில் இருக்கும் பையை வாங்கி வீடு வரை கொண்டுவந்து தருவாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். "புள்ள எவ்ளோ அடக்கம்" என்று தெருவே பாராட்டும். ஷாந்திக்கு அந்தப் பாராட்டு பிடிக்காது. ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அக்கா, கம்பெனில நாப்பது பொண்ணுங்க எங்கிட்ட பேசுதுங்க. அவங்க மாமியார் கதை, புருஷன் கதை, எல்லாம் எங்கிட்டதான். பெத்த பொண்ணுக்கு எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லியா?"

என்ன பதில் சொல்வது? நானும் "ம்" என்றேன்.

இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பைத்தியம் — ஸ்கேட்டிங். எங்கள் ஏரியா மைதானத்தில் சிமென்ட் தளம் ஒன்று இருக்கிறது. அதில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தவள், பிறகு அதே சக்கரத்தோடு ஹாக்கி விளையாடினாள். ஷாந்திக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மகள் நிற்கிற போட்டோ ஷோகேஸில் இருக்கிறது. காலேஜ் போனதும் சக்கரம் போய் பிளேடு வந்தது. சிமென்ட் போய் ஐஸ் வந்தது. அதுவும் ஷாந்திக்கு அவ்வளவாகப் புரியவில்லை. 'ஏதோ ஸ்கேட்டிங்' என்று இருந்துவிட்டாள்.

போன மாதம் தீபா தாடையில் தையலோடு வீட்டுக்கு வந்து நின்றபோதுதான் புரிந்தது. மூன்று தையல். பிராக்டிஸில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது யாரோ வந்து மோதியிருக்கிறார்கள். ஷாந்தி அன்றைக்கு அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. அந்தத் தையல் ஆறுவதற்குள் அடுத்த குண்டு: ஜனவரியில் லடாக்கில் கேம்ப், கோச் தீபாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"ஒண்ணும் வேணாம். இதோட எல்லாத்தையும் நிறுத்து" என்றாள் ஷாந்தி.

தீபா சண்டை போடவில்லை. அழவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "ஒரு தடவ மேட்ச் வந்து பாரும்மா. பாத்துட்டு அப்பவும் நிறுத்துன்னா, நிறுத்திடறேன்."

அந்தப் பெண் அந்த வருஷத்தில் பேசிய மிக நீளமான வசனம் அதுதான் என்றாள் ஷாந்தி. அதை மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. "நான் பாக்கப் போறதே நிறுத்தறதுக்குத்தான். நீயும் கூட வாக்கா. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா நான் எளகிடுவேன். நீ புடிச்சி நிறுத்து."

ஆக, நான் போனது மேட்ச் பார்க்க அல்ல. ஷாந்தி இளகாமல் பார்த்துக்கொள்ள.

மாலின் மேல் மாடியில், சினிமா தியேட்டருக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஐஸ் தளம். டிவியில் வெளிநாட்டு மேட்சுகளில் பார்க்கிற மாதிரி பிரமாண்டம் எல்லாம் இல்லை. ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவு இருக்கும். சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி. ஒரு பக்கம் மட்டும் படிப்படியாக இரும்பு பெஞ்சுகள். அதுதான் கேலரி. உட்கார்ந்ததும் குளிர் இரண்டு சாக்ஸையும் தாண்டி வந்து காலைப் பிடித்தது.

இரண்டு பேர் வாளியிலிருந்து ஐஸ்மேல் தண்ணீர் ஊற்றி, நீள மாப்பால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது.

"ஐஸ் மேல வெந்நியா ஊத்தறாங்க?" ஷாந்தி என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

பதில் முன் பெஞ்சிலிருந்து வந்தது. காதுவரை மப்ளர் சுற்றிய ஒரு மனிதர் திரும்பினார். "வெந்நீர் ஊத்தினாத்தாம்மா மேடு பள்ளம் கரைஞ்சு சமமா உறையும்" என்றார். ஜெயநகரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறாராம். பெயர் நஞ்சுண்டப்பா. பேசியது எல்லாம் கன்னடத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். ஷாந்தி அவருக்குப் பதில் சொன்னது பாதி கன்னடம், பாதி தமிழ். அவருக்கு அதில் எந்தச் சிரமமும் இருந்த மாதிரி தெரியவில்லை.

"உங்க பொண்ணும் ஆடறாளா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நீல டிரெஸ்ஸு."

அவர் முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. "அப்ப நீங்க அந்தக் கடைசி பெஞ்சுப் பக்கம் உக்காரணும்மா. இது செவப்பு டீம் அப்பா அம்மாங்க உக்கார்ற எடம்."

சுற்றிப் பார்த்தோம். உண்மைதான். எங்களைச் சுற்றி எல்லார் கையிலும் சிவப்பு ரிப்பன். எழுந்து போகலாம் என்றால் அந்தப் பக்கம் பெஞ்சு நிரம்பிவிட்டது. "பரவால்லம்மா, இங்கயே இருங்க. ஐஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று நஞ்சுண்டப்பா நகர்ந்து எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார். அவருடைய மகள் அனுஷா. சிவப்பு டீமில் ஒன்பதாம் நம்பர்.

பெண்கள் தளத்தில் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஹெல்மெட், கூண்டு வைத்த முகம், வீங்கிய தோள். ஷாந்தி எழுந்து நின்று தேடினாள்.

"எவக்கா நம்மளுது?"

எனக்கும் தெரியவில்லை. கடைசியாக ஒரு உருவம் வந்தது. இரண்டு காலிலும் தலையணையைக் கட்டிய மாதிரி பேடு, ஒரு கையில் முறம் போல ஒன்று, இன்னொரு கையில் பெரிய கிளவுஸ். ஆடி அசைந்து வந்து கோல் வாசலில் நின்றது. முதுகில் ஆங்கிலத்தில் 'தீபா ஈ.'

"அய்ய... மெத்தைய சுத்திகினு வந்திருக்கா" என்றாள் ஷாந்தி. முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி. இவ்வளவு கட்டியிருந்தால் அடிபடாது என்ற நிம்மதி. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

ஏனென்றால் விசில் ஊதினார்கள்.

ஐஸ் ஹாக்கி என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் பார்த்த வரையில் சொல்கிறேன். மத்தூர் வடை சைஸில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அதற்குப் பெயர் பக். அதைக் குச்சியால் அடித்து எதிர் டீமின் கோலுக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான். கஷ்டம் எங்கே என்றால், அந்த வடை கண்ணுக்குத் தெரியாது. அது போய்ச் சேர்ந்தபிறகுதான் புறப்பட்டதே தெரியும். நம் கிரிக்கெட்டில் பந்து வீசுவதற்கு முன் பேன்ட்டில் தேய்க்கலாம், வானத்தைப் பார்க்கலாம், ஃபீல்டரை மாற்றலாம்... இங்கே நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எல்லாரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாத்துக்குக்கா கத்தறாங்க?"

"கோல் போலருக்கு."

"யாரு போட்டாங்க?"

சுற்றிலும் சிவப்பு ரிப்பன்கள் பறந்தன. சொல்லத் தேவையிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் பெஞ்சில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். மகள் டீம் கோல் போட்டிருக்கிறது, நஞ்சுண்டப்பா கைதட்டவில்லை. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனாய்த்தும்மா?" என்றார். என்ன ஆச்சு என்கிறார்.

"சார், உங்காளுங்க கோல் போட்டாங்க" என்றாள் ஷாந்தி.

கண்ணைத் திறந்தார். "அனுஷா பித்ளா?"

"இல்ல சார், விழல. நல்லாதான் நிக்கறா."

பெருமூச்சு விட்டார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்: ஒரு மேட்ச்கூட விட்டதில்லையாம். எல்லா மேட்சுக்கும் வந்துவிடுவாராம். ஆனால் அனுஷா பக்கைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளுமாம். "வீட்டுக்குப் போனதும் எப்டிப்பா ஆடினேன்னு கேப்பா. சூப்பர்னு சொல்வேன். ஒண்ணுமே பாத்திருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். ஷாந்திக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. பேக்கிங் செக்‌ஷனில் நாற்பது பேரை மேய்க்கிறவள் இல்லையா... சும்மா உட்கார வராது. நஞ்சுண்டப்பா கண்ணை மூடும்போதெல்லாம் இவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணு வர்றா சார். வேகமா வர்றா. ஒருத்தியத் தாண்டிட்டா. இன்னொருத்தியும் போயிட்டா. அடிக்கறா... எங்க பொண்ணு கால்ல தடுத்துட்டா சார்."

"அனுஷா?"

"நிக்கறா சார். நல்லாருக்கா."

விளையாட்டை நிறுத்துவதற்காக வந்தவள், எதிர் டீம் அப்பாவுக்கு கமென்டரி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வேடிக்கை பார்த்தேன்.

இரண்டாவது கோலும் விழுந்தது. அதுவும் தீபாவின் கோலில்தான். அவள் ஐஸில் நீட்டிப் படுத்துவிட்டாள். ஷாந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆனால் தீபா உடனே எழுந்து, குச்சியால் இரண்டு கம்பத்தையும் டொக், டொக் என்று தட்டிவிட்டு மறுபடி குனிந்து நின்றாள். இப்போது தட்டிய சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது.

ஒரு குரல்.

சும்மா குரல் இல்லை. கண்ணாடியைத் தாண்டி, கூரையில் மோதி, கேலரி முழுக்க இறங்குகிற குரல். "பன்னெண்டு, பின்னாடி வா. பின்னாடி வாடி, அங்க இன்னா வேல உனக்கு?" என்று தமிழில். அடுத்த மூச்சில் "எடக்கே ஹோகு, எடக்கே" என்று கன்னடத்தில் ஒருத்தியை இடது பக்கம் விரட்டியது. அதே வேகத்தில் இந்தியில் இன்னொருத்திக்கு. இடையிடையே ஆங்கிலம். நீல டீம் பெண்கள் அந்தக் குரல் சொன்ன பக்கமெல்லாம் ஓடினார்கள்.

"யாருக்கா அது?" என்று ஷாந்தி முகத்தைச் சுளித்தாள். "மீன் மார்க்கெட்ல ஏலம் வுடற மாரி... இந்தப் பொண்ண வூட்ல வெச்சிகினு எப்டித்தான் சமாளிக்கறாங்களோ, பாவம்."

நானும் தேடினேன். எல்லார் வாயும் கூண்டுக்குள் இருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

விசில் ஊதி ஆட்டம் நின்றது. தீபா கோல் கூரைமேல் வைத்திருந்த பாட்டிலை எடுத்து, முகக் கூண்டைத் தூக்கி, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, "ஏய் பன்னெண்டு" என்றாள். அதே குரல். "எத்தினி தடவ சொல்றது? அவ ஒம்போது வரும்போது நீ அவகூடவே ஒட்டிகினு வரணும். நான் பக்கப் பாத்துக்கறேன். நீ அவளப் பாரு. புரிதா?"

பன்னிரண்டாம் நம்பர் தலையை ஆட்டியது.

ஷாந்தி மெதுவாகக் கையை உயர்த்தி, காதை மூடியிருந்த மங்கி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் குளிரில். நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக.

அதன்பிறகு அவள் ஆட்டத்தைப் பார்த்தாளா என்று எனக்குச் சந்தேகம்தான். பக் எங்கே இருந்தாலும் அவள் பார்வை கோல் வாசலில் இருந்தது. தீபா கத்தினாள், அதட்டினாள். யாரோ நல்ல பாஸ் கொடுத்தபோது குச்சியால் ஐஸைத் தட்டி "ஷபாஷ் டா செல்லம்" என்றாள். வீட்டில் 'ம்' என்கிற பெண். அந்தப் பெண் ஜோக்கூட அடிக்கிறாள். அவள் ஏதோ சொல்ல, ரெஃப்ரியே சிரித்துவிட்டார்.

"இவ்ளோ பேச்சு எங்கக்கா வெச்சிருந்தா?" என்றாள் ஷாந்தி.

இடைவேளையில் ஏழுமலையிடமிருந்து வீடியோ கால். சேலத்துக்குப் பக்கத்தில் எங்கோ லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். ஷாந்தி போனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இன்னா, ஃப்ரிட்ஜுக்குள்ள கீறீங்களா?" என்றார்.

"கோல் போச்சுங்க. ரெண்டு."

"நாம போட்டமா?"

"நமக்குப் போட்டாங்க."

"சரி வுடு. பாப்பா எப்டி கீது?"

"பாப்பாவா... அது எல்லாரையும் வேல வாங்கிகினு கீது. கேளுங்க." போனைத் தூக்கிப் பிடித்தாள். தீபா பெஞ்சில் உட்கார்ந்து டீம் பெண்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்த சத்தம் தூரத்தில் கேட்டது.

"அது யாரு, உங்கம்மா குரல் மாரி கீது" என்றார் ஏழுமலை. லைன் கட்டானது.

நீல டீம் அதன்பிறகு வெளுத்து வாங்கியது. ஒரு கோல். இன்னொன்று. சிவப்பு மூன்றாவது போட, நீலமும் மூன்றாவது போட்டது. கேலரியில் யாரும் உட்காரவில்லை. நானா? நானும்தான் நின்றேன். எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. ஒருமுறை என் வாயிலிருந்து "அடிடி" என்று ஒரு சொல் வந்ததாகச் சாட்சி இருக்கிறது. சிவப்பு ரிப்பன்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு.

கடைசி நிமிடம். எப்படியோ பக் ஒன்பதாம் நம்பரிடம் வந்துவிட்டது. அனுஷா. முன்னால் யாரும் இல்லை. பன்னிரண்டு ரொம்பத் தள்ளி எங்கேயோ நிற்கிறது. கோலுக்கும் அனுஷாவுக்கும் நடுவில் தீபா மட்டும்தான்.

நஞ்சுண்டப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். "ஏனாய்த்தும்மா?" என்று ஷாந்தியைக் கேட்டார்.

பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தால் ஷாந்தியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஏனாய்த்து மேடம்?"

ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அப்பா. இரண்டு பேரும் கண் மூடி நிற்கிறார்கள், நடுவில் நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பார்த்தது இதுதான். அனுஷா வந்த வேகத்தில் தீபா கோலைவிட்டு முன்னால் பாய்ந்தாள். இரண்டு பேரும் மோதிய சத்தம் கண்ணாடிவரை வந்தது. ஒரு குச்சி தனியாகப் பறந்து போனது. இருவரும் ஒருத்திமேல் ஒருத்தியாகச் சறுக்கிக்கொண்டே போய் கோலுக்குள் விழுந்தார்கள். வலை சாய்ந்தது. பக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ரெஃப்ரி ஓடினார்.

"அக்கா, சொல்லுக்கா."

இரண்டு பெண்களும் அசையாமல் கிடந்தார்கள். ஷாந்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு அந்தக் குவியலிலிருந்து பெரிய கிளவுஸ் போட்ட ஒரு கை வெளியே வந்தது. தீபா முட்டி போட்டு எழுந்தாள். எழுந்ததும் பக்கைத் தேடவில்லை. குனிந்து அனுஷாவின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே ஏதோ கேட்டாள். அனுஷா தலையாட்டினாள். தீபா கையைக் கொடுத்துத் தூக்கினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிற்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு.

"ரெண்டு பேரும் எழுந்துட்டாங்க" என்றேன். "நல்லா இருக்காங்க. சிரிக்கறாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு ஐஸ் காற்றில் இரண்டு சின்னப் புகையாக வந்தது. கண்ணைத் திறந்தார்கள். ஒரு விஷயத்தைக் கவனித்தேன்: கோல் ஆயிற்றா இல்லையா என்று இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை.

ஆயிற்று என்றே சொல்லிவிடுகிறேன். பக் அவர்களோடு சேர்ந்து கோலுக்குள் போயிருந்தது. ரெஃப்ரி கையை நீட்டினார். நாலுக்கு மூன்று. சிவப்பு ஜெயித்தது. சிவப்புப் பெண்கள் குதித்தார்கள். நீலப் பெண்கள் ஐஸில் உட்கார்ந்துவிட்டார்கள். தீபா ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து எழுப்பினாள். பன்னிரண்டாம் நம்பர் அழுதுகொண்டிருந்தது போலிருக்கிறது. அதன் ஹெல்மெட்டில் தன் ஹெல்மெட்டை லேசாக முட்டி ஏதோ சொன்னாள். இந்த முறை குரல் எங்கள்வரை வரவில்லை.

நஞ்சுண்டப்பா ஷாந்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பொண்ணு தைரியசாலிம்மா."

"உங்க பொண்ணும்தான் சார்" என்றாள். "ஒரு தடவையாச்சும் கண்ணத் தொறந்து பாருங்க. நல்லா ஆடறா."

"நீங்க?" என்றார் அவர். ஷாந்தி சிரித்துவிட்டாள்.

வெளியே டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் காத்திருந்தோம். தீபா வந்தாள். பேடு, ஹெல்மெட் எல்லாம் கழற்றியபிறகு பழைய தீபா. ஒல்லி. வியர்வையில் ஒட்டிய முடி. தாடையில் தையல் போட்ட கோடு. தோளில் அவளைவிடப் பெரிய பை. அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தோத்துட்டம்மா."

"ம்" என்றாள் ஷாந்தி.

வீட்டில் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த எழுத்து ஒருத்தியுடையது மட்டும் இல்லை. களைத்துப்போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிற அம்மா, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகள்... இந்தப் பக்கம் ஒரு 'ம்', அந்தப் பக்கம் ஒரு 'ம்'. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஓடுகிறது? பிள்ளைகள் பேசுவதில்லை என்கிறோம். அவர்கள் எங்கேயோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போய் உட்கார நமக்குத்தான் தோன்றுவதில்லை.

தீபா தீர்ப்புக்காகக் காத்திருந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. ஷாந்தி என்னைப் பார்த்தாள். 'நீ புடிச்சி நிறுத்து' என்று எனக்குக் கொடுத்த பொறுப்பு நினைவுக்கு வந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பாப்கார்ன் கடை ரொம்ப சுவாரசியமாக இருந்தது.

கீழே இறங்கினோம். ஆட்டோவில் மூன்று பேரும் அந்தப் பையும். வெயில் சாய்ந்திருந்தது. முதல் சிக்னல்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

சிக்னலில் ஷாந்தி கேட்டாள்: "அந்தப் பன்னெண்டாம் நம்பரு ஏன் உன் பேச்சக் கேக்கவே மாட்டேங்குது?"

தீபா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறாளா என்று பார்க்கிற மாதிரி.

"அது... அவ போன மாசந்தான் டீம்ல சேந்தாம்மா. வேகம் ஜாஸ்தி அவளுக்கு. ஆனா பக்கப் பாத்தா அது பின்னாடியே போயிடுவா. ஆளப் பாக்கணும்னு தோணாது. நான் கத்தினாதான் திரும்புவா. இன்னிக்கு கடேசில என்ன ஆச்சுன்னா..."

அவ்வளவுதான். மடை திறந்தது. பன்னிரண்டாம் நம்பர் யார், அவள் ஊர் எது, அவளுக்கு ஏன் வீட்டு ஞாபகம், கோச் என்ன திட்டினார், அனுஷாவுக்கு எந்தப் பக்கம் அடிக்கப் பிடிக்கும், ஏன் கோலைவிட்டு வெளியே பாய்ந்தாள், பாய்ந்தது தப்பா சரியா... ஆட்டோ மேம்பாலம் ஏறி இறங்கியது. தீபா நிறுத்தவில்லை. ஷாந்திக்குப் பாதி புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் "சரி", "அப்றம்?", "அவளுக்கு நீ சொல்லக்கூடாதா?" என்று இடம் பார்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். நல்ல சூப்பர்வைசர்.

தெரு முனையில் இறங்கினோம். தீபா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஷாந்தி சில்லறை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் குரல் கொடுத்தாள்.

"அந்த லடாக்குல எவ்ளோ குளிரும்?"

தீபா நின்றாள். திரும்பவில்லை. "ராத்திரில மைனஸ் இருபது போகும்னு கோச் சொன்னாரு."

"மைனஸ் இருபதா?" ஷாந்தி சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப தேங்காயெண்ண கல்லாட்டம் உறைஞ்சிடுமேடி. தலைக்கு இன்னா வெப்ப?"

'போய்ட்டு வா' என்பதை எங்கள் தெருவில் அம்மாக்கள் இப்படித்தான் சொல்வார்கள்.